ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ அல்ல: வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டிய கணக்கு

ரமளான் நெருங்கும் நாட்களில் ஜமாஅத் நிர்வாகிகள் நோன்புக் கஞ்சிக்கும் இஃப்தாருக்கும் மளிகைப் பட்டியல் போடுவார்கள். கல்யாண வீட்டார் வலீமாவுக்குப் பட்டியல் போடுவார்கள். அரிசி, பருப்பு, இறைச்சி எல்லாம் கிலோவில் இருக்கும். எண்ணெய் என்று வரும்போது மட்டும் ஒருவர் கிலோவில் எழுதுவார், மற்றவர் லிட்டரில் எழுதுவார். சமையல்காரர் "5 கிலோ எண்ணெய்" என்று சொல்லியிருப்பார். கடைக்குப் போனவர் 1 லிட்டர் பாக்கெட் ஐந்தை வாங்கி வந்திருப்பார். இரண்டும் ஒன்றுதானே என்பது பலருடைய எண்ணம்.

இரண்டும் ஒன்றல்ல. அந்த ஐந்து பாக்கெட்டிலும் சேர்த்து ஏறத்தாழ 4 கிலோ 550 கிராம் எண்ணெய்தான் இருக்கிறது. அரைக் கிலோவுக்குச் சற்றே குறைவான எண்ணெய் கணக்கில் விடுபட்டுப் போகிறது. சமையலில் இது சிறிய விஷயமாகத் தெரியலாம். ஆனால் கொடுக்கல் வாங்கலில், குறிப்பாகப் பொதுப் பணத்தைக் கையாளும் இடத்தில், இது ஹக்கு சம்பந்தப்பட்ட விஷயம். எனவே இந்தக் கணக்கை எளிமையாகவும் முழுமையாகவும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

அடிப்படை வேறுபாடு என்ன?

தமிழில் முகத்தல் அளவை, நிறுத்தல் அளவை என்று இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைத்துக் கொள்கிறது என்பதைச் சொல்வது முகத்தல் அளவை. அது எவ்வளவு கனமானது என்பதைச் சொல்வது நிறுத்தல் அளவை. லிட்டரும் மில்லி லிட்டரும் முதல் வகை. கிலோவும் கிராமும் இரண்டாம் வகை.

நம் பாட்டன்மார் காலத்தில் ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று முகந்தார்கள். 8 ஆழாக்கு சேர்ந்தால் 1 படி. பலம், வீசை, மணங்கு என்று நிறுத்தார்கள். 40 பலம் 1 வீசை, 8 வீசை 1 மணங்கு. முகக்கும் பாத்திரத்துக்கும் நிறுக்கும் கல்லுக்கும் பெயரே வேறாக இருந்ததால் யாரும் இரண்டையும் குழப்பிக் கொள்ளவில்லை. 1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இந்த முறையில் 1 லிட்டர் தண்ணீரின் எடை ஏறத்தாழ 1 கிலோ. தண்ணீருக்குப் பொருந்தும் இந்தச் சமன் எல்லாத் திரவத்துக்கும் பொருந்தும் என்று மக்கள் மனத்தில் பதிந்து விட்டது. குழப்பத்தின் வேர் இதுதான்.

எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. அதனால்தான் தண்ணீரில் ஊற்றிய எண்ணெய் மேலே மிதக்கிறது. ஒரே பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பினால் 1000 கிராம் நிற்கும் என்றால், எண்ணெயை நிரப்பினால் சுமார் 910 கிராம்தான் நிற்கும்.

எந்த எண்ணெய்க்கு எவ்வளவு?

கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், சோயா எண்ணெய் ஆகியவை 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 910 முதல் 925 கிராம் வரை இருக்கும். நம் ஊரின் 30 டிகிரி வெப்பத்தில் இன்னும் 6 அல்லது 7 கிராம் குறையும். வகைக்கு வகை உள்ள வேறுபாடு லிட்டருக்குப் பத்துப் பதினைந்து கிராமுக்குள் அடங்கி விடுகிறது. ஆகவே அன்றாடப் பயன்பாட்டுக்கு எல்லாச் சமையல் எண்ணெய்க்கும் 1 லிட்டர் = 910 கிராம் என்று வைத்துக் கொள்ளலாம். பாமாயில், தேங்காய் எண்ணெய், உருக்கிய நெய் ஆகியவையும் நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ இதே அளவில்தான் நிற்கும்.

இந்த ஒப்பீடு இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. மர்வு நகரில் வாழ்ந்த அல்காஸினீ என்ற முஸ்லிம் அறிஞர் ஹிஜ்ரி 515இல், அதாவது கி.பி. 1121-22இல், "மீஸானுல் ஹிக்மா" என்ற நூலை எழுதி முடித்தார. தராசைப் பற்றியே எழுதப்பட்ட நூல் அது. தண்ணீரை 1 என்று வைத்துப் பல பொருட்களின் கனத்தை அளந்து அதில் அட்டவணையாகக் கொடுத்துள்ளார். அந்த அட்டவணையில் நல்லெண்ணெய்க்கு 0.915, ஒலிவ எண்ணெய்க்கு 0.920 என்று கணக்கு வருகிறது. 900 ஆண்டுகளுக்கு முன் கையால் செய்த தராசில் கிடைத்த இந்த எண்கள் இன்றைய ஆய்வுக்கூட எண்களோடு ஒத்துப் போகின்றன. சரக்கில் கலப்படத்தைக் கண்டறியவும் ஏமாற்றைத் தடுக்கவும் இப்படிப்பட்ட கணக்கு அன்றே தேவைப்பட்டது.

மாற்றும் வழி

லிட்டரைக் கிலோவாக மாற்ற 0.91ஆல் பெருக்க வேண்டும். கிலோவை லிட்டராக மாற்ற 0.91ஆல் வகுக்க வேண்டும். கணக்குப் பொறி கையில் இல்லாதபோது இப்படி நினைவில் வைக்கலாம்: லிட்டரிலிருந்து கிலோவுக்கு வரும்போது நூற்றுக்கு ஒன்பது கழிக்க வேண்டும். கிலோவிலிருந்து லிட்டருக்குப் போகும்போது பத்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும்.

லிட்டர் கணக்கில் உள்ளதை எடையாக மாற்றினால்:

100 மி.லி. – 91 கிராம்
200 மி.லி. – 182 கிராம்
500 மி.லி. – 455 கிராம்
1 லிட்டர் – 910 கிராம்
2 லிட்டர் – 1 கிலோ 820 கிராம்
5 லிட்டர் – 4 கிலோ 550 கிராம்
10 லிட்டர் – 9 கிலோ 100 கிராம்
15 லிட்டர் – 13 கிலோ 650 கிராம்

கிலோ கணக்கில் உள்ளதை லிட்டராக மாற்றினால் (சற்றே முழுமைப்படுத்தி):

100 கிராம் – 110 மி.லி.
250 கிராம் – 275 மி.லி.
500 கிராம் – 550 மி.லி.
1 கிலோ – 1 லிட்டர் 100 மி.லி.
2 கிலோ – 2 லிட்டர் 200 மி.லி.
5 கிலோ – 5 லிட்டர் 500 மி.லி.
10 கிலோ – 11 லிட்டர்
15 கிலோ – 16 லிட்டர் 500 மி.லி.

சமையலறையில் பயன்படும் சிறிய அளவுகளும் இதே கணக்குத்தான். 5 மி.லி. கொள்ளும் சிறிய கரண்டியில் சுமார் 4.5 கிராம் எண்ணெய் இருக்கும். 15 மி.லி. கொள்ளும் மேசைக் கரண்டியில் 13 முதல் 14 கிராம் இருக்கும். இதய நோய்க்காகவோ சர்க்கரைக்காகவோ எண்ணெயைக் குறைக்கச் சொல்லும் மருத்துவர் கிராமில் சொன்னாரா, மில்லி லிட்டரில் சொன்னாரா என்பதைக் கேட்டுக் கொள்வது நல்லது.

சூடு ஏறினால் அளவு ஏமாற்றும்

எண்ணெய் சூடாகும்போது விரிகிறது, குளிரும்போது சுருங்குகிறது. அதன் எடையோ மாறுவதில்லை. எனவே சூடான எண்ணெயை 1 லிட்டர் முகந்தால் அதில் உள்ள சரக்கு குறைவாகத்தான் இருக்கும்.

இது வெறும் பாடப் புத்தக விஷயமல்ல. சில நிறுவனங்கள் பாக்கெட்டின் மேல் அளவைப் போட்டு, அதன் பக்கத்தில் அதிக வெப்பநிலை ஒன்றையும் குறிப்பிட்டு வந்தன. 60 டிகிரி வரைகூட எழுதியிருந்தார்கள். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் இதில் தலையிட்டது. சோயா எண்ணெய் 1 லிட்டர் 21 டிகிரியில் 919.1 கிராம் இருக்கும், 60 டிகிரியில் 892.6 கிராம்தான் இருக்கும் என்று அத்துறை எடுத்துக் காட்டியது. ஒரே 1 லிட்டர் என்ற பெயரில் 26.5 கிராம் வித்தியாசம். ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் லிட்டருக்கு ஏறத்தாழ 0.7 கிராம் குறைகிறது என்று இதிலிருந்து கணக்கிடலாம். பாக்கெட்டில் வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவை எழுத வேண்டும், அதனோடு எடையையும் எழுத வேண்டும், இரண்டும் பொருந்தி வர வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. லேபிளைத் திருத்த 2023 ஜனவரி 15 வரை அவகாசமும் தரப்பட்டது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் எளிது. லிட்டர் என்பது வெப்பத்துக்கு ஏற்ப மாறும் கணக்கு. கிராம் என்பது மாறாத கணக்கு. இரண்டும் எழுதியிருந்தால் கிராமை நம்ப வேண்டும்.

தேங்காய் எண்ணெயில் இது இன்னும் முக்கியம். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் உறைந்து கிடக்கும் எண்ணெயைக் கரண்டியால் எடுத்து முகந்தால் இடையில் காற்றிடம் விழும். உறைந்த நெய்யும் அப்படித்தான். இவற்றை நிறுத்துக் கொடுப்பதே நியாயம். முகந்துதான் ஆக வேண்டும் என்றால் முழுதாக உருகிய பிறகு முகக்க வேண்டும்.

பாக்கெட் வாங்கும்போது

சமையல் எண்ணெயை இன்ன அளவுகளில்தான் அடைத்து விற்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2022 ஏப்ரல் முதல் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதன்பின் 850 கிராம், 870 கிராம் போன்ற அளவுகளில் பாக்கெட்டுகள் கடைக்கு வந்தன. பார்வைக்கு அவை 1 லிட்டர் பாக்கெட்டைப் போலவே இருக்கும். அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அளவைச் சரியாக அச்சிட்டிருந்தால் சட்டப்படி அதில் குற்றம் இல்லை. அச்சிட்டதைப் படிக்காமல் வாங்குபவருக்குத்தான் இழப்பு.

ஓர் உதாரணம் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக மட்டுமே. ஒரு கம்பெனியின் 1 லிட்டர் பாக்கெட் 150 ரூபாய். இன்னொரு கம்பெனியின் 850 கிராம் பாக்கெட் 145 ரூபாய். இரண்டாவது 5 ரூபாய் மலிவு என்று கை நீளும். 850ஐ 0.91ஆல் வகுத்தால் 934 மி.லி. வருகிறது. 934 மி.லி. 145 ரூபாய் என்றால் 1 லிட்டர் 155 ரூபாய்க்கு மேல் ஆகிறது. மலிவு என்று நினைத்ததே விலை கூடியதாக இருக்கிறது.

பாக்கெட்டின் மேல் அலகு விலை என்று ஒன்று அச்சிட்டிருக்கும். 1 கிலோவுக்குக் குறைவான பாக்கெட்டில் ஒரு கிராமின் விலை இருக்கும். 1 லிட்டருக்குக் குறைவானதில் ஒரு மில்லி லிட்டரின் விலை இருக்கும். ஒன்றில் கிராமும் மற்றதில் மில்லி லிட்டரும் இருந்தால் நேரடியாக ஒப்பிடக் கூடாது. கிராம் விலையை 0.91ஆல் பெருக்கினால் மில்லி லிட்டர் விலை கிடைக்கும். கிராமுக்கு 17 பைசா என்பதும் மில்லி லிட்டருக்கு 15.5 பைசா என்பதும் ஒரே விலைதான்.

இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு ஒரு சுருக்கு வழி: இரண்டு பாக்கெட்டிலும் கிராம் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். 910 கிராமுக்குக் கீழே இருந்தால் அது முழு லிட்டர் அல்ல. மாதம் நான்கு ஐந்து பாக்கெட் வாங்கும் குடும்பத்துக்கு இந்த ஒரு பார்வையிலேயே கணிசமான தொகை மிச்சமாகும்.

டின் வாங்கும் ஜமாஅத்துகளுக்கு

மொத்தமாக வாங்கும்போது வேறுபாடு பெரிதாகிறது. சந்தையில் 15 கிலோ டின்னும் இருக்கிறது, 15 லிட்டர் டின்னும் இருக்கிறது. வாய்ப் பேச்சில் இரண்டுமே "பதினைந்து டின்"தான். ஆனால் 15 லிட்டர் டின்னில் 13 கிலோ 650 கிராம் எண்ணெய் இருக்கிறது. 15 கிலோ டின்னில் 16 லிட்டர் 500 மி.லி. இருக்கிறது. இரண்டுக்கும் இடையே 1 கிலோ 350 கிராம் வித்தியாசம்.

இரண்டு கடைகளில் விலை கேட்டதாக வைத்துக் கொள்வோம். ஒரு கடை 2100 ரூபாய் என்றது, அது 15 லிட்டர் டின். மற்றொரு கடை 2250 ரூபாய் என்றது, அது 15 கிலோ டின். நிர்வாகக் குழு குறைந்த விலையைத் தேர்ந்தெடுத்து, "டின்னுக்கு 150 ரூபாய் மிச்சப்படுத்தினோம்" என்று பதிவேட்டில் எழுதும். உண்மையில் முதல் டின்னில் 1 கிலோ எண்ணெய் சுமார் 154 ரூபாய்க்கு வருகிறது. இரண்டாவதில் 150 ரூபாய்க்கு வருகிறது. மிச்சம் என்று எழுதிய இடத்தில் கிலோவுக்கு 4 ரூபாய் நட்டம்.

பள்ளிவாசலின் பணம் அமானிதம். ஏழைக் கூலித் தொழிலாளி உண்டியலில் போட்ட பத்து ரூபாயும் அதில் இருக்கிறது. எனவே விலை கேட்கும்போது முத்தவல்லிகளும் நிர்வாகிகளும் மூன்று விஷயங்களைக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக் கொள்கிறோம். ஒன்று, எல்லாக் கடைகளிடமும் "1 கிலோவுக்கு என்ன விலை" என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். இரண்டு, ரசீதில் வெறுமனே "டின் 1" என்று எழுதாமல் நிகர எடையை எழுதச் சொல்லுங்கள். மூன்று, சமையல்காரரின் பட்டியலில் எண்ணெய்க்கு எதிரே கிலோவா லிட்டரா என்று கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். 20 கிலோ கேட்ட இடத்தில் 20 லிட்டர் வாங்கினால் 1 கிலோ 800 கிராம் குறையும். 20 லிட்டர் கேட்ட இடத்தில் 20 கிலோ வாங்கினால் 2 லிட்டர் மிஞ்சும்.

கடைக்காரர்களுக்கும் செக்கு வைத்திருப்போருக்கும்

எண்ணெயை அடைக்காமல் உதிரியாக விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை இருக்கிறது. ஆயினும் பாட்டிலைக் கொடுத்து எண்ணெய் வாங்கும் பழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. அங்கே நடக்கும் ஒரு தவறைச் சுட்டிக் காட்டுவது நம் கடமை.

விலைப் பலகையில் கிலோ விலை எழுதியிருக்கும். ஊற்றுவதோ லிட்டர் குவளையில். வாடிக்கையாளர் 1 கிலோவுக்குப் பணம் கொடுத்துவிட்டு 910 கிராம் வாங்கிப் போகிறார். ஒருவருக்கு 90 கிராம் என்பது கண்ணுக்குத் தெரியாது. 15 கிலோ டின் ஒன்றை இப்படி விற்றால் 16.5 "கிலோ" விற்பனை ஆகும். கிலோ 150 ரூபாய் என்றால் டின்னுக்கு 220 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கல்லாவில் விழும். அந்தப் பணம் இலாபம் அல்ல. பல பேருடைய வீட்டிலிருந்து 90 கிராம் 90 கிராமாக வந்து சேர்ந்த பிறர் உரிமை.

அளவிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே குர்ஆனில் 83ஆவது அத்தியாயம் "அல்முதஃப்பிஃபீன்" என்ற பெயரில் அமைந்திருக்கிறது. தமக்கு வாங்கும்போது நிறைவாக வாங்கிக் கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பதையே அது பேசுகிறது. மத்யன் வாசிகளிடம் அனுப்பப்பட்ட நபி ஷுஐப் (அலை) அவர்கள் தம் சமுதாயத்தாரிடம் வலியுறுத்தியதும் இதைத்தான். அந்த இடங்களில் அளவையும் நிறுவையும் தனித்தனியாகவே சொல்லப்படுகின்றன. முகப்பதில் ஒரு நேர்மை, நிறுப்பதில் ஒரு நேர்மை. ஒன்றின் பெயரைச் சொல்லி மற்றொன்றைக் கொடுப்பது இரண்டையும் கெடுப்பதாகும்.

"எனக்குத் தெரியாமல் நடந்தது" என்று ஒருவர் சொல்லலாம். தெரியாமல் செய்ததற்குப் பாவம் எழுதப்படாமல் போகலாம். வாங்கியவரின் ஹக்கு அதனால் தள்ளுபடி ஆகாது. தெரிந்த பிறகு தொடர்ந்தால் தெரியாது என்ற காரணமும் போய்விடும். தீர்வு எளிது: விலைப் பலகையில் கிலோ என்று இருந்தால் தராசில் வைத்துக் கொடுங்கள். குவளையில்தான் ஊற்றுவீர்கள் என்றால் பலகையில் லிட்டர் விலை என்று எழுதுங்கள். கிலோ 150 ரூபாய்க்கு விற்கும் எண்ணெயின் லிட்டர் விலை 136 ரூபாய் 50 காசு. பாட்டிலின் வெற்று எடையைக் கழிப்பதையும் மறக்க வேண்டாம். நிறுத்துக் கொடுக்கும் ஒருவரிடம் நபி (ஸல்) அவர்கள், நிறுக்கும்போது தட்டு சற்றுத் தாழும்படி நிறுக்கச் சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது. அந்தச் சிறு கூடுதலில்தான் பரக்கத் இருக்கிறது.

எதிர்ப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 15 லிட்டர் டின் வாங்கி, அதை 15 கிலோ என்று நினைத்துக் கிலோவில் சில்லறை விற்கும் சிறு வியாபாரி டின்னுக்கு 1 கிலோ 350 கிராம் தன் கையிலிருந்து இழக்கிறார். கணக்குத் தெரியாவிட்டால் விற்பவரும் நட்டப்படுவார்.

கடனும் பண்டமாற்றும்

அக்கம் பக்கத்தில் எண்ணெய் கடன் வாங்குவது நம் தெருக்களில் சாதாரணம். வாங்கியதைப் போன்றதையே, வாங்கிய அளவே திருப்பித் தருவது கடனின் சட்டம். தராசில் நிறுத்து 1 கிலோ வாங்கியவர் 1 லிட்டர் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் 90 கிராம் கடன் நிற்கிறது. கொடுத்தவர் மனமுவந்து விட்டுக் கொடுத்தால் பிரச்சினை இல்லை. அவருக்கும் தெரியாமல் குறைந்தால் அது விட்டுக் கொடுத்ததாக ஆகாது. முகந்து வாங்கினால் முகந்து கொடுங்கள், நிறுத்து வாங்கினால் நிறுத்துக் கொடுங்கள். அதே தம்ளரால் வாங்கி அதே தம்ளரால் கொடுத்தால் எந்தக் கணக்கும் தேவையில்லை.

நல்லெண்ணெய்க்கு நல்லெண்ணெய் என்று ஒரே இனத்தை மாற்றிக் கொள்ளும்போது இரு பக்கமும் சமமாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளின் நிலை. செக்கு எண்ணெய் 1 கிலோ கொடுத்துக் கடை எண்ணெய் 1 லிட்டர் வாங்குவதில் சமம் இல்லை. நல்லெண்ணெய்க்குக் கடலை எண்ணெய் என்றால் இனம் வேறு. அங்கே கூடுதல் குறைவு ஆகும், ஆனால் மாற்றுவது அங்கேயே முடிய வேண்டும்.

முன்பணம் கொடுத்து, சரக்கைப் பின்னர் வாங்கும் வியாபாரத்துக்கு ஸலம் என்று பெயர். அதில் அளவும் எடையும் தவணையும் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். வலீமாவுக்கு ஒரு மாதம் முன்பே எண்ணெய்க்குப் பணம் கட்டுவோர், "10 டின்" என்று மட்டும் பேசினால் அளவு தெரிந்ததாக ஆகாது. எந்த டின், எத்தனை கிலோ என்று பேசி எழுதினால்தான் பின்னால் சச்சரவு வராது.

ஸாஉ தரும் பாடம்

முகத்தலுக்கும் நிறுத்தலுக்கும் உள்ள இந்த வேறுபாடு நமக்குப் புதிதல்ல. ஒவ்வொரு பெருநாளுக்கும் முன் நாம் சந்திப்பதுதான். ஃபித்ராவின் ஸாஉ என்பது முகத்தல் அளவு. 4 முத்து சேர்ந்தது 1 ஸாஉ. அதில் கோதுமையை நிரப்பினால் ஓர் எடை, அரிசியை நிரப்பினால் வேறோர் எடை, பேரீச்சம் பழத்துக்கு இன்னொன்று. அதனால்தான் அதைக் கிலோவில் சொல்லும்போது உலமாக்களிடையே எண்கள் சற்று மாறுபடுகின்றன.

இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது ஸாஉவைப் பற்றி விசாரித்தார்கள். முஹாஜிர், அன்ஸாரிகளின் சந்ததியினர் தம் வீடுகளில் தலைமுறையாக இருந்த ஸாஉகளைக் கொண்டு வந்து காட்டினர். அளந்து பார்த்தபோது 5 ராத்தலும் மூன்றில் ஒரு பங்கும் வந்தது. 8 ராத்தல் என்ற தம் ஆசிரியர் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தை விட்டு மதீனாவின் அளவுக்கு அவர்கள் வந்தார்கள். அவ்வளவு பெரிய இமாம் வாய்ச் சொல்லோடு நிற்கவில்லை. பாத்திரத்தைக் கையில் எடுத்து அளந்து பார்த்தார். அந்தப் பழக்கம் நம் கடைவீதியிலும் வேண்டும்.

வீட்டிலேயே சோதிக்க

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சமையலறைத் தராசு ஒன்று போதும்.

உங்கள் தம்ளரோ கரண்டியோ எவ்வளவு கொள்ளும் என்று தெரிய வேண்டுமா? வெறும் பாத்திரத்தை நிறுத்துக் கொள்ளுங்கள். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி மீண்டும் நிறுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 200 கிராம் என்றால் அந்தத் தம்ளர் 200 மி.லி. கொள்ளும். அதில் எண்ணெய் 182 கிராம் நிற்கும். தண்ணீரின் எடையை 0.91ஆல் பெருக்கினால் எந்தப் பாத்திரத்துக்கும் எண்ணெயின் எடை கிடைத்துவிடும்.

பாக்கெட்டைச் சோதிக்க, முதலில் முழுப் பாக்கெட்டையும் நிறுங்கள். எண்ணெயை ஊற்றி வடித்த பின் வெறும் கவரை நிறுத்துக் கழியுங்கள். வருவது நிகர எடை. அச்சிட்ட எடைக்கும் இதற்கும் சில கிராம் வித்தியாசம் இருந்தால் உடனே யாரையும் குற்றம் சாட்ட வேண்டாம். வீட்டுத் தராசும் பிழை காட்டும். சட்டமும் 500 முதல் 1000 கிராம் அல்லது மி.லி. வரையுள்ள பாக்கெட்டுக்கு 15 கிராம் அல்லது 15 மி.லி. வரை பிழையை அனுமதிக்கிறது. ஒரே வகைப் பாக்கெட் திரும்பத் திரும்ப அதற்கு மேல் குறைந்தால் பில்லையும் பாக்கெட்டையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. உங்கள் மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்திலும் மனுக் கொடுக்கலாம். கடைக்காரரின் தராசில் அத்துறையின் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும் வாங்குபவரின் உரிமைதான்.

நினைவில் நிறுத்த

1 லிட்டர் எண்ணெய் 910 கிராம். 1 கிலோ எண்ணெய் 1 லிட்டர் 100 மி.லி. பாக்கெட்டில் கிராமைப் பாருங்கள். டின்னில் கிலோவா லிட்டரா என்று கேளுங்கள். எந்தப் பெயரில் விலை பேசினோமோ அந்தப் பெயரிலேயே அளந்து கொடுங்கள், அளந்து வாங்குங்கள்.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதிப் பள்ளிவாசல் சமையற்கூடத்திலும் கடையின் கல்லாவுக்கு மேலும் ஒட்டி வைத்தால் பலருக்குப் பயன்படும். 90 கிராம் எண்ணெய்க்காக நாளை மறுமையில் ஒருவர் நம் கையைப் பிடித்து நிற்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

நிறைவாக அளந்து, நேர்மையாக நிறுத்து, ஹலாலான வருமானத்தில் வாழும் நற்பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.